செபாத் கப்பலின் நோன்புப் பீரங்கி

மாஸ்கோக்காரனோடு, அதாவது ரஷ்யனோடு, நடந்த போரில் செபாத் என்ற இரும்புக்கவசக் கப்பல் என்ன சாதித்தது என்று கராயாலியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நோன்பு திறக்க வெடி போட்டது. அதையாவது ஒழுங்காகப் போட்டதா என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நேராக இல்யாஸிடம் போய் நிற்கும்.

இல்யாஸ் அந்த ஊர்க்காரன்தான். டான்யூப் ஆற்றின் தென்கரையில், குன்றின் அடிவாரத்தில் இருந்த பீரங்கிக்காரர் வீட்டில் பிறந்தான். ரமலான் மாதத்தில் தினமும் சூரியன் மறையும்போது குன்றின் மேலிருந்த பழைய பீரங்கியை வெடிப்பது அவன் தகப்பன் ஹைதரின் வேலை. அந்த வேலைக்காக ஊர் கொடுத்ததுதான் வீடு. ஹைதர் இருந்தவரை வெடி முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. ஊரில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தம் கேட்டதும் முள்ளைத் திருப்பிப் பன்னிரண்டில் வைப்பார்கள். அங்கே சூரியன் மறையும் நொடிதான் பன்னிரண்டு மணி.

இல்யாஸைக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இஸ்தான்புல் பட்டறைத் துறையிலும் கிரீட் தீவைச் சுற்றிய காவலிலும் பல வருடம் கழித்தான். பீரங்கிக்காரன் என்று பேர். கையில் படிந்தது என்னவோ கரித்தூள்தான். போருக்கு முந்தைய வருடம் அவனை ஆற்றுப் படைக்கு மாற்றினார்கள். அவன் ஏறிய செபாத் கடைசியில் அவன் ஊர்த் துறைக்கே வந்து நங்கூரம் போட்டது. 'அல்லா பெரியவன்' என்று அன்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

செபாத் என்ற பேருக்கு அசையாத உறுதி என்று பொருள். அசையாதது மட்டும் நிஜம். போர் தொடங்கிய அன்றே கப்பலின் ஆங்கிலேய எஞ்சினியர், தன் நாடு நடுநிலை என்று சொல்லித் தேநீர்க் கெட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் விட்டுப்போனவை ஓட்டை விழுந்த கொதிகலனும், ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகமும். புத்தகத்தைச் சமையல்காரன் கொப்பரைக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். ஜூனில் மாஸ்கோக்காரன் ஆற்றின் மேலேயும் கீழேயும் கண்ணிவெடி போட்டுவிட்டான். நடுவில் செபாத், தொட்டியில் விட்ட ஆமை மாதிரி.

முன்பக்கத்து இரும்புக் கூண்டுக்குள் இரண்டு பீரங்கிகள் இருந்தன. இடதுபக்கத்துப் பீரங்கியின் வண்டிச் சக்கரம் பிளந்து கிடந்தது. மாற்றுச் சக்கரம் கேட்டு வசந்தகாலத்திலேயே இஸ்தான்புல்லுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆகஸ்டில், எருமை வண்டியில், பெரிய பெட்டி ஒன்று வந்தது. இல்யாஸே கடப்பாரை போட்டுத் திறந்தான். உள்ளே கொப்பரை மூடிகள்.

அவனுக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் துர்சுன் கருங்கடல் கரைக்காரன், எதற்கும் சிரிப்பவன். ஒரு மூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, இஸ்தான்புல்லு நம்மள மறக்கல. மாஸ்கோக்காரன் சுட்டா இத வச்சுத் தடுத்துக்கலாம்."

"தடுடா, தடு. உன் மண்டைக்கு இதுவே அதிகம்."

அந்த வசந்தத்தின் கடைசியில்தான் ஹைதர் இறந்தார். கோடையில் ராணுவம் வந்து குன்றின் மேலிருந்த பீரங்கியைச் சிலிஸ்த்ரே கோட்டைக்கு இழுத்துப் போனது. பீரங்கியும் இல்லை, பீரங்கிக்காரரும் இல்லை. செப்டம்பரில் ரமலான் வந்து நின்றது.

ஊருக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முஃப்தி அப்துல்கனி எஃபெந்தி ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு படகேறிக் கப்பலுக்கு வந்தார். கப்பலில்தான் பீரங்கி சும்மா கிடக்கிறதே, மாலையில் ஒரு வெடி போட்டால் என்ன என்று கேட்டார். கேப்டன் ஷெவ்கிக்கு முகம் சிவந்தது.

"எஃபெந்தி, இது போர்க்கப்பல்."

"அல்லா பாதுகாக்கட்டும்பா. போர் எதுவும் பண்ணுற மாதிரி தெரியலியே, அதான் கேட்டோம்."

கேப்டன் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு ஒரு புத்திசாலித்தனமும் செய்தார். பழக்கதோஷத்தில் யாராவது வெறும் மருந்தோடு குண்டையும் கெட்டித்து ஊர்மேல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, குண்டு அறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சண்ட வந்தா?" என்று கேட்டான் இல்யாஸ்.

"சண்டை வந்தா நான் வந்து திறப்பேன்."

"நீங்க கரையில இருந்தா?"

"இல்யாஸ் உஸ்தா, கேள்வி கேக்கறதுக்குன்னு உனக்குத் தனியாப் படி ஏதாவது தர்றாங்களா?"

அவனுக்கு அந்த வெடியில் வேறு ஒரு கவலை இருந்தது. பீரங்கிக்காரர் வீட்டில் அவன் அக்கா ஹெஸ்னா இருந்தாள். புருஷனை இழந்தவள், போக வேறு இடம் இல்லாதவள். பெருநாள் கழிந்ததும் ஊர் புதுப் பீரங்கிக்காரனைத் தேர்ந்தெடுக்கும். வீடும் அவனோடு போகும். இல்யாஸுக்குக் கடற்படைச் சேவைக் கணக்கு பனிக்காலத்தோடு முடிகிறது. அந்த வேலை கிடைத்தால் அக்கா இருந்த இடத்திலேயே இருப்பாள், அவனும் இரும்பை விட்டு இறங்கி வீட்டில் தூங்குவான். போட்டிக்கு நின்றவன் ரிஃப்கி: பள்ளிவாசல் மினாராவில் ஏறித் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவன், முஃப்தியின் தங்கை மகன்.

"அவன் பட்டாசு வெடிச்சாக்கூடக் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான்," என்றாள் ஹெஸ்னா. "ஆனா அவனுக்கு மாமா இருக்காரு. உனக்கு நான்தான் இருக்கேன். ஒழுங்கா வெடிச்சுக் காட்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முந்தினாலும் நம்ம சட்டி பானை தெருவுல."

"அக்கா, இத எத்தன தடவ சொல்லுவே?"

"பெருநாள் வரைக்கும்."

ஏற்பாடு இதுதான். மினாராவின் மேல் நிற்கும் ரிஃப்கி சூரியன் மறைந்ததும் வெள்ளைக் கொடியைத் தூக்குவான். இல்யாஸ் அதைப் பார்த்து விசைக் கயிற்றை இழுப்பான். சத்தம் கேட்டதும் ரிஃப்கி பாங்கு சொல்வான், ஊர் நோன்பு திறக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கடைத்தெருவில் நடந்தால் ரொட்டி சுடுகிறவர் கூப்பிட்டு எள் தூவிய சூடான ரொட்டியைக் கையில் வைத்தார். "அப்பன மாதிரியே வெடிக்கிறான்," என்று யாரோ சொன்னது ஹெஸ்னாவின் காது வரைக்கும் வந்தது. அன்று அவள் தம்பியைத் திட்டவில்லை. அதுவே பெரிய செய்தி.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கேப்டனுக்கு முஃப்தி வீட்டில் நோன்பு திறக்க விருந்து. கேப்டன் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் சாவியோடு, கப்பலின் ஒரே நல்ல படகில் கரைக்குப் போனார். மாலுமிகள் பின்பக்கத்தில் பருப்புக் கஞ்சிக் கொப்பரையைச் சுற்றிக் கரண்டியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். முன்பக்கத்தில் இல்யாஸும் துர்சுனும் மட்டும். பீரங்கியில் வெறும் மருந்தும் கந்தல் துணியும் கெட்டித்துத் தயாராக இருந்தது.

நங்கூரத்தில் நிற்கும் கப்பலின் முகம் ஆற்றின் போக்குக்கு எதிராக, மேற்கே பார்த்திருக்கும். சூரியன் வில்லோ மரத் தீவுக்கு மேலே, ஆற்றில் நேராக வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. கூண்டின் துவாரம் வழியாகப் பார்க்கவே முடியவில்லை. ஊரில் அடுப்புகளின் புகை நேராக எழுந்தது. மறைய இன்னும் நேரம் இருந்தது. ஒருவன் ஒரு கலம் மாவைப் பிசைந்து முடிக்கும் நேரமாவது இருக்கும்.

"அண்ணே," என்றான் துர்சுன், கண்ணுக்கு மேல் கையை வைத்து. "அந்த வெளிச்சத்துக்குள்ள ஏதோ கறுப்பா இருக்கே."

"மரக்கட்டையா இருக்கும்."

"மரக்கட்ட பொக விடுமா?"

தீவின் மறைவிலிருந்து வெளியே வந்த அது ஒரு நீராவிப் படகு. முகப்பில் நீண்ட கழி; கழியின் முனையில் வெடிப்பெட்டி. மாச்சின் பக்கத்தில் வசந்தகாலத்தில் ஒரு கப்பலை இப்படித்தான் அடியில் குத்தி மூழ்கடித்திருந்தார்கள். எல்லோரும் கரண்டியைப் பிடித்திருக்கும் நேரம் என்று அக்கரைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. தினமும் மாலையில் வெடி போட்டு நாமே அல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம்!

"குண்டு!" என்றான் இல்யாஸ்.

"சாவி முஃப்தி வீட்டுல பிலாவு சாப்பிடப் போயிருக்கு."

"ஊதல்!"

"கொதிகலன் ஆறிக் கெடக்கு. நான் வேணா வாயால ஊதவா?"

துப்பாக்கிகள் பின்பக்க அறையில், பூட்டில். துர்சுன் வாயால் கத்தத்தான் செய்தான். பின்பக்கத்திலிருந்து, "இன்னும் வெடிக்கவேயில்ல, அதுக்குள்ள பசியா?" என்று சிரிப்பு வந்தது.

படகு வந்துகொண்டே இருந்தது. அதில் நின்றவனின் தொப்பி நாடா தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. இல்யாஸின் கையில் விசைக் கயிறு. அதை இழுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சூரியன் அவன் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு அவன் பீரங்கிக்குக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தது. அப்பா ஒரு நாள்கூட முந்தியதில்லை. வெறும் துணியை வெடித்து யாரைக் கொல்ல முடியும்? ஆனால் பின்பக்கத்தில் கஞ்சிக்காக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அடுத்த நிமிஷம் ஆற்றடியில் இருப்பார்கள்.

"நாசமாப் போக!" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தான்.

இரும்புக் கூண்டு அதிர்ந்தது. நெருப்பும் புகையும் எரிகிற கந்தலும் ஆற்றின்மேல் பாய்ந்தன. படகுக்காரர்கள் தங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்தது குறி தப்பாது என்றும் நினைத்திருக்க வேண்டும். புகை கலைந்தபோது படகு பக்கவாட்டில் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. வெடிப்பெட்டி கழியிலிருந்து கழன்று தண்ணீரில் மிதந்து போனது. படகு தீவுக்குப் பின்னால் மறைந்தது.

செபாத்தின் போர்க்கால வெற்றி அவ்வளவுதான். கந்தல் துணியால் கிடைத்தது.

துர்சுன் குதித்தான். "ஓடிட்டான்! அண்ணே, ஓடிட்டான்!"

அப்போது ஊருக்குள் மினாராவிலிருந்து, கணீரென்று, பாங்கு கேட்டது.

இல்யாஸ் நெற்றியைப் பீரங்கியில் மோதிக்கொண்டான். பீரங்கி இன்னும் சூடாக இருந்தது, நெற்றியும் பழுத்தது.

அவன் கரைக்கு வந்து சேரும் முன்பே துறையில் கூட்டம் கூடிவிட்டது. ஊரே வாய் நிறையத் தின்றுவிட்டு வெளியே வந்து பார்த்தால் சூரியன் தீவுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது! கடிகாரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் முள்ளைப் பன்னிரண்டில் திருப்பியாயிற்று. ஒருவன் கையில் பாதி ஆலிவ் காயோடு நின்று அழுகிற குரலில் கேட்டான்: "இத நான் இப்ப என்ன பண்ண?"

"மாஸ்கோக்காரன் படகு வந்துச்சுய்யா!" என்றான் இல்யாஸ்.

"வந்தா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லக்கூடாது?"

"யார? மாஸ்கோக்காரனயா?"

"சூரியன் அடையுற வரைக்கும் உன்னால தாக்குப்பிடிக்க முடியலையா? என்ன பீரங்கிக்காரன் நீ!"

ரிஃப்கி மினாராவிலிருந்து இறங்கி வந்திருந்தான். இல்யாஸ் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். "டேய், அவ்வளவு ஒசரத்துல நிக்கிறே. உன் கண்ணுக்கு நேரா சூரியன் இருக்கு. நீ கொடியே தூக்கல. அப்புறம் எதுக்குடா பாங்கு சொன்னே?"

"பீரங்கி வெடிச்சுதே அண்ணே."

"சூரியன் இருந்துச்சே!"

"இருந்துச்சு. ஆனா பீரங்கி வெடிச்சிருச்சே. ஹைதர் மாமா காலத்துலருந்து பீரங்கி என்னிக்காவது தப்பா வெடிச்சிருக்கா? சூரியன் மேலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு."

இல்யாஸ் பிடியைத் தளர்த்திக் கையை எடுத்துவிட்டான்.

மறுநாள் பள்ளிவாசல் முற்றத்தில் முஃப்தி விசாரித்தார். கேப்டனும் வந்திருந்தார். பாதிப் பிலாவில் எழுந்து ஓட வேண்டியிருந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. குண்டு அறைச் சாவியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"வெடிக்கும்போது சூரியன் இருந்தது உனக்குத் தெரியுமா?" என்றார் முஃப்தி.

"கண்ணுல குத்திக்கிட்டு இருந்துச்சு எஃபெந்தி."

"அப்ப தெரிஞ்சே வெடிச்சே."

"தெரிஞ்சேதான். படகு வந்துச்சு."

"தெரியாம வெடிச்சிருந்தா மனுஷன் தவறுவான்னு விட்டுடலாம். தெரிஞ்சே வெடிச்சவன ஊரு எப்படிப்பா நம்பும்?"

"வெடிக்கலேன்னா கப்பல் போயிருக்கும்!"

"கப்பல் போயிருக்கும்," என்று முஃப்தி தாடியைத் தடவினார். "நோன்பு போயிருக்காதே."

கூட்டம் தலையாட்டியது. கேப்டன்கூட, கப்பல் தன்னுடையது என்பதை மறந்து, தலையாட்டினார்.

தீர்ப்பு வந்தது. அன்று உண்டவர்கள் எல்லோரும் பெருநாளுக்குப் பிறகு, கெட்ட நோன்புக்கு ஈடாக, ஒரு கழா நோன்பு வைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் பாதிப் பேர் மறந்துபோவார்கள் என்பது முஃப்திக்குத் தெரியும். அதனால் ஊர் மொத்தமும் ஒரே வியாழக்கிழமையில். அதுவரை பீரங்கிச் சத்தமே வேண்டாம். பீரங்கிக்காரர் வேலை ரிஃப்கிக்கு. கழா நோன்பு அன்று மாலை அவனே வெடிக்க வேண்டும். அதோடு வீடும் கைமாறும்.

இதில் எல்லாவற்றையும் விட எரிச்சலூட்டியது ஒன்று உண்டு. அன்று ஊரில் நோன்பு கெடாதவர்கள் இரண்டே பேர்: சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த இல்யாஸும் துர்சுனும். அவர்களுக்குக் கழா நோன்பு இல்லை.

பீரங்கி நின்றதும் ஊர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. குன்றின்மேல் இருப்பவனுக்குச் சூரியன் தாமதமாக மறைந்தது. பள்ளத்தில் இருப்பவனுக்குச் சீக்கிரம். ஆளாளுக்குத் தன் கூரையிலிருந்து பார்த்து முள்ளை வைத்தான். பக்கத்து வீட்டில் பன்னிரண்டு ஆகும்போது இந்த வீட்டில் இன்னும் நெருப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். அக்டோபர் மழை வந்ததும் அதுவும் போயிற்று.

ஹெஸ்னா செப்புப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். ஒவ்வொன்றையும் சத்தம் வரும்படி போட்டுக் கட்டினாள்.

"அக்கா, நான் வேற என்னதான் செஞ்சிருக்கணும்? நீயே சொல்லு."

"நீ செஞ்சது சரிதான்."

"அப்புறம் ஏன் இப்படி டமார் டமார்னு போடுறே?"

"சரியா செஞ்சதுக்கு வீடு போகுதேன்னு போடுறேன். தப்பா செஞ்சு போயிருந்தா பேசாம கட்டியிருப்பேன்." ஒரு கொப்பரையைத் தூக்கினாள். "இந்த மூடி எங்க போச்சு?"

"கப்பல்ல நெறைய இருக்கு. கொண்டு வரேன்," என்றான் இல்யாஸ் வெறுப்போடு.

அந்த வியாழக்கிழமை வந்தது. விடியும்போதே மேற்கே கனத்த மேகம். ஊர் முழுக்கக் கழா நோன்பு. இல்யாஸ் கடைத்தெருவில் நடந்தபோது வழக்கமாகச் சலாம் சொல்பவர்கள்கூட அவன் வாயைத்தான் பார்த்தார்கள், ஏதாவது மெல்கிறானா என்று. அவன் சாப்பிடலாம், சட்டப்படி தடை இல்லை. ஆனால் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. துர்சுன் மட்டும் துறையில் உட்கார்ந்து ஒரு முழு வெங்காயத்தைக் கடித்துத் தின்றான். மூன்று கல் எறிந்தார்கள். ஒன்று பட்டது.

சாயங்காலம் முஃப்தி கப்பலுக்கே வந்துவிட்டார். மேகத்துக்குள் மினாராவிலிருந்து என்ன தெரியும் என்று கொடியை நம்பவில்லை. கையில் கடிகாரம், மடியில் ஒரு பேரீச்சம்பழம். கூடவே ரிஃப்கி. அவன் முகம் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. மருந்து கெட்டிக்கத் தெரியாததால் அதை இல்யாஸே செய்ய வேண்டியிருந்தது. செய்து முடித்துக் கயிற்றை ரிஃப்கியின் கையில் கொடுத்தான்.

"இழுக்கும்போது பின்னால தள்ளி நில்லு. வாயத் தொறந்து வச்சுக்க."

"எதுக்கு அண்ணே?"

"காது பிழைக்கும்."

கூண்டின் துவாரத்தில் சாம்பல் நிறம் தவிர எதுவும் தெரியவில்லை. கரையில் ஊரே கூடி நின்றது. முஃப்தியின் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கேப்டனின் கடிகாரம் இன்னும் எட்டவில்லை. ரிஃப்கி கொண்டுவந்த பள்ளிவாசல் கடிகாரம் ஈரத்தில் நின்றுபோயிருந்தது.

"போயிருக்கும்," என்றார் முஃப்தி. அவர் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் எஃபெந்தி," என்றான் இல்யாஸ்.

"இருட்டிருச்சேப்பா."

"மேகம்தான் இருட்டு. ஒரு தடவ நான் பட்டது போதும். பொறுத்தா யாருக்கும் நஷ்டமில்ல, முந்தினாத்தான்."

கரையிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னய்யா, அங்க எல்லாரும் தூங்கிட்டீங்களா? இங்க புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க எல்லாம் நிக்குது!"

முஃப்திக்குக் கோபம் வந்தது. "உனக்கென்னப்பா, உனக்கு நோன்பு இல்ல. அவங்கள எவ்வளவு நேரம் வதைக்கிறது? ரிஃப்கி, வெடி!"

"மாமா, அண்ணன் பொறுக்கச் சொல்றாரே..."

"பீரங்கிக்காரன் நீயா அவனா? வெடிடா!"

ரிஃப்கி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். கூண்டு அதிர்ந்தது. கரையில் "பிஸ்மில்லா" என்று நூறு குரல்கள். ரொட்டி பிட்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. முஃப்தி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்.

புகை ஆற்றின்மேல் மெதுவாக விலகியது. மேகத்தின் அடி ஓரம், ஆற்றுக்குச் சற்று மேலே, கிழிந்த சீலை மாதிரி பிளந்தது. அந்தப் பிளவில் சூரியன் இருந்தது. முழுசாக, சிவப்பாக, வில்லோ மரங்களுக்கு மேலே, அவசரமே இல்லாமல்.

துர்சுன் மரியாதையாகக் கேட்டான்: "எஃபெந்தி, இந்தத் தடவ படகு எதுவும் வரலியே?"

முஃப்திக்குப் பழத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு துவாரத்தையே பார்த்தார்.

கரையில் முதலில் ஒரு முனகல். பிறகு ஒரே கத்தல்.

"இல்யாஸ்! மறுபடியும் இல்யாஸ்!"

"சூரியனோட உனக்கு என்னடா பகை?"

"இறங்கி வாடா! உன்னச் சும்மா விடமாட்டோம்!"

கூட்டத்துக்கு நடுவே ஹெஸ்னாவின் குரலும் கேட்டது: "கயிறு அவன் கையில இல்லடா, பாவிகளா! ரிஃப்கி கையில!" யாரும் கேட்கிற நிலையில் இல்லை. ஊருக்குப் பழகிப்போன பேர் இல்யாஸ்தான். வாயில் அதுதான் வந்தது.

வாதாடி வாதாடி இல்யாஸுக்கு அலுத்துப்போயிருந்தது. முஃப்தியை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். முஃப்தி ரிஃப்கியைப் பார்த்தார். ரிஃப்கி விசைக் கயிற்றைச் சூடு பட்டவன் மாதிரி கீழே போட்டான்.

"எனக்கு இந்த வேல வேணாம் மாமா. கொடியே போதும்."

முஃப்தி பழத்தை விழுங்கினார். எப்படியும் நோன்பு போயாயிற்று. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துர்சுன் தோளைப் பிடித்து, கூண்டின் இரும்புக் கூரை மேல் ஏறினார். வழுக்கியது, இல்யாஸ் கீழேயிருந்து காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஜமாஅத்தே!" என்று கத்தினார். சத்தம் அடங்கச் சற்று நேரம் ஆனது. "வெடிக்கச் சொன்னது நான். இழுத்தது என் மருமகன். பொறுக்கச் சொன்னது இல்யாஸ் ஒருத்தன்தான். நான் கேக்கல."

கரையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப எங்களுக்கு இன்னொரு கழாவா?"

"இன்னொரு கழா."

அந்த நேரத்தில் எழுந்த முனகல் அக்கரை மாஸ்கோக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

"அதுக்கு வெடிக்கப்போறது யாரு?" என்றாள் ஹெஸ்னா.

முஃப்தி கீழே குனிந்து தன் காலைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். "இவன்தான். இனிமே இவன்தான். வீடும் இவனோடதுதான். இப்ப என்ன யாராவது இறக்கிவிடுங்கப்பா."

இல்யாஸ் வீட்டுக்குப் போனபோது ஹெஸ்னா சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "கட்டினதும் நான், அவிழ்க்கிறதும் நானா? உக்காரு. காலையிலருந்து நீ ஒண்ணும் திங்கலேன்னு துர்சுன் சொன்னான். நோன்பு இல்லாதவன் எதுக்குடா பட்டினி கெடந்தே?"

"தெரியல."

அவள் கஞ்சியை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் சண்டை நின்றது. செபாத்தை இழுவைப் படகு வைத்து இழுத்துப் போனார்கள். கடைசிவரை அது ஒரு குண்டும் சுடவில்லை. இல்யாஸ் அதில் ஏறவில்லை, வழியனுப்பவும் போகவில்லை. அடுத்த ரமலானுக்குள் ஊரின் ஆட்சியும் கொடியும் மாறியிருந்தன. ஆனால் நோன்பு மாறவில்லை, வீடும் மாறவில்லை. குன்றின்மேல் கையளவு சிறு பீரங்கி ஒன்றை நட்டார்கள். தலை நரைத்த பிறகும் இல்யாஸ்தான் அதை வெடித்தான். பிறகு ஒரு நாளும் முந்தியதில்லை.

இருந்தாலும் ஒரு வழக்கம் ஊரில் ஒட்டிக்கொண்டது. வெடி கேட்டதும் கராயாலியில் யாரும் உடனே ரொட்டியை வாயில் வைப்பதில்லை. ஆண், பெண், குழந்தை எல்லோரும் முதலில் வாசலுக்கு வந்து மேற்கே ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். சூரியன் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே போவார்கள். குன்றின் மேலிருந்து பார்த்தால் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்புவது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாலையும் இல்யாஸ் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான்.

"போதும், உள்ள போய்த் தின்னுங்கடா!" என்று அங்கிருந்தே கத்துவான். அப்போதும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.